வீட்டுக்காரரும் மாற்றுச் சாவியும்

பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், வாடகை ஏறிக்கொண்டே போவதையும் கொடுத்த முன்பணம் திரும்பி வராததையும் பற்றிய முறையீடுகளுக்கு அடுத்தபடியாக, சற்றுத் தயங்கித் தாழ்ந்த குரலில் வெளிவரும் குறை ஒன்று உண்டு: எல்லோரும் வேலைக்குப் போயிருந்த சமயத்தில் வீட்டுக்காரர் தம்மிடமுள்ள மாற்றுச் சாவியால் கிரில் கதவைத் திறந்து உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதே அது. பொருள் ஒன்றும் காணாமற் போயிராது. அடுப்பு மேடையைப் படமெடுத்து, ஏன் இவ்வளவு எண்ணெய்ப் பிசுக்கு என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருப்பார். அல்லது குழாய் பழுது பார்ப்பவரை அழைத்துக்கொண்டு, இரவு வேலை முடிந்து உறங்கிக்கொண்டிருக்கும் தாதியின் அறை வாசல்வரை வந்து நின்றிருப்பார். அல்லது வீட்டை விற்கும் உத்தேசத்தோடு ஏஜெண்டு கூட்டிவந்த முன்பின் தெரியாத மனிதர்கள் படுக்கையறை அலமாரியைத் திறந்து மூடியிருப்பார்கள். ஏன் சொல்லாமல் வந்தீர்கள் என்று கேட்டால், "என் வீட்டுக்கு நான் வர யாரிடம் அனுமதி கேட்கணும்?" என்ற பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலைக் கேட்ட மாத்திரத்தில் குடியிருப்பவரும் அதுவும் நியாயம்தானே என்று மௌனமாகிவிடுகிறாரே, அதுதான் இவ்விஷயத்தில் எனக்கு எல்லாவற்றையும்விட ஆச்சரியமாகத் தோன்றுவது.

அது நியாயமும் அன்று, சட்டமும் அன்று. ஒரு வீட்டின்மீது ஒருவருக்கு இருக்கக்கூடிய பாத்தியதைகள் பலவகைப்பட்டவை. அதை விற்பதற்கும், வங்கியில் அடமானம் வைப்பதற்கும், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வதற்கும் உள்ள பாத்தியதை வேறு. அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்வதற்கும், வரவேண்டாம் என்று தாம் கருதுகிறவரை வாசலிலேயே நிறுத்துவதற்கும் உள்ள பாத்தியதை வேறு. வாடகை ஒப்பந்தம் செய்துகொண்ட மறுகணமே முன்னது வீட்டுக்காரரிடம் தங்கிவிட, பின்னதாகிய சுவாதீனம், ஒப்பந்தகாலம் முழுமைக்கும் குடியிருப்பவர் கைக்கு மாறிவிடுகிறது. மாதம் பிறந்தால் எண்ணிக் கொடுக்கும் வெள்ளியெல்லாம் அந்தச் சுவாதீனத்துக்கான விலையே அன்றி வேறன்று. வாசலில் நிறுத்தப்படக் கூடியவர்களின் வரிசையில் வீட்டுக்காரரும் ஒருவர். அவரிடம் மாற்றுச் சாவி இருப்பது ஒரு சௌகரியத்துக்காக. சாவி இருப்பதனாலேயே பிரவேச உரிமை பிறந்துவிடாது.

இவ்வளவு தெளிவான விஷயத்தை எடுத்துரைக்க மலேசியாவில் தனிச் சட்டம் ஒன்றும் இல்லை என்பதே சங்கடம். முன்னொரு காலத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 1966 ஆம் ஆண்டின் அச்சட்டம், 1948 ஜனவரி 31 ஆம் தேதிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு மட்டும் உரியதாய், வாடகை உயர்வையும் குடியிருப்போரை வெளியேற்றுவதையும் கட்டுப்படுத்தியது. 1997 இல் அதை நீக்குவதென முடிவு செய்யப்பட்டு, 1999 டிசம்பர் இறுதியோடு மாறுதல் காலமும் முடிந்துபோக, அதன்பின் குடியிருப்போருக்கென்று தனியான காவல் எதுவும் எஞ்சவில்லை. 2018 முதல் 2025 வரைக்கான தேசிய வீடமைப்புக் கொள்கையில் குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்று வேண்டுமென்று எழுதிவைத்தார்கள். அமைச்சர்கள் மாறிமாறி அதைப் பற்றிப் பேசியும் வந்திருக்கிறார்கள். இடைக்காலத்தில் நம் வழக்குகளெல்லாம் 1950 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1956 ஆம் ஆண்டு சிவில் சட்டம், 1965 ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தொகுப்பு என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கும் விதிகளைக் கொண்டும், இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச் சட்டத்தைக் கொண்டுமே தீர்க்கப்படுகின்றன. சட்டம் வாய்திறவாதிருப்பதை வீட்டுக்காரருக்குத் தந்த சம்மதமாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த மௌனத்துக்கு அடியில் பழைய விதியொன்று உயிரோடிருக்கிறது.

அவ்விதி எவ்வாறு இங்கே வந்தது என்பது சுவாரசியமான கதை. 1956 ஏப்ரல் 7 ஆம் தேதியன்று இங்கிலாந்தில் நடைமுறையிலிருந்த பொதுச் சட்டத்தை, உள்ளூர் நிலைமைக்குப் பொருந்துமளவுக்கு, தீபகற்ப மலேசியாவின் நீதிமன்றங்கள் அனுசரிக்க வேண்டுமென்று நமது சிவில் சட்டத்தின் மூன்றாம் பிரிவு கூறுகிறது. வீட்டை வாடகைக்கு விட்டவர், குடியிருப்பவருடைய நிம்மதியான அனுபோகத்துக்குப் பங்கம் விளைவிக்கமாட்டேன் என்று வாக்களித்தவராகவே கருதப்படுவார், ஒப்பந்தப் பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும் சரியே என்பது அப்பொதுச் சட்டத்தின் உறுதியான கொள்கை. அந்தத் தேதிக்கு மூன்றாண்டு முன்னர், 1953 இல், இலண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பெரேரா எதிர் வாண்டையார் என்ற வழக்கு வந்தது. பெயர்களைப் பார்த்தால் கொழும்பும் தஞ்சாவூரும் நினைவுக்கு வருகின்றன. குடியிருந்தவரைக் கிளப்ப எண்ணிய வீட்டுக்காரர் அவருக்குரிய எரிவாயுவையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட, அவர் அவ்விடத்தை விட்டுச் சில தினங்கள் வேறிடத்தில் தங்க நேர்ந்தது. நிம்மதியான அனுபோகத்துக்குப் பங்கம் நேர்ந்தது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால், வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல் செய்த காரியமாகையால் அது ஒப்பந்த மீறல் மட்டுமே என்று கூறி, கீழ்க்கோர்ட்டு தண்டனையாக விதித்திருந்த 25 பவுனைத் தள்ளுபடி செய்துவிட்டது.

இதிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வெளியே நின்று விசையை அணைப்பவர் ஒப்பந்தத்தை மீறுகிறார். கதவைத் திறந்து உள்ளே நுழைகிறவரோ ஒப்பந்தத்தை மீறுவதோடு அத்துமீறிப் பிரவேசித்த தவறுக்கும் சிவில் முறையில் உத்தரவாதியாகிறார். 1978 இல் அதே இலண்டன் நீதிமன்றத்துக்கு வந்த இன்னொரு வழக்கில், குடியிருந்தவர் வெளியே போயிருந்த சமயம் பார்த்து அவருடைய தட்டுமுட்டுச் சாமான்களைப் புழக்கடையில் போட்டுவிட்டுத் தம் மாமனார் மாமியாரைக் குடிவைத்த வீட்டுக்காரர், தண்டனை நஷ்டஈடாக ஆயிரம் பவுன் செலுத்த நேர்ந்தது இந்த வேறுபாட்டினாலேதான். 1956 க்குப் பிற்பட்ட தீர்ப்பாகையால் அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, எனினும் எடுத்துக்காட்டலாம். 1963 ஆம் ஆண்டின் மற்றொரு தீர்ப்பு, வயதான விதவை ஒருவரின் கதவைத் தட்டிக் கூச்சலிட்டும் மிரட்டல் கடிதங்கள் எழுதியும் வந்த வீட்டுக்காரர், உள்ளே நுழையாதபோதிலும், அனுபோகத்துக்குப் பங்கம் விளைவித்தவரே என்று சொல்லிற்று.

அப்படியானால் வீட்டுக்காரர் ஒருக்காலும் உள்ளே வரலாகாதா? வரலாம். வீட்டின் நிலைமையைப் பரிசோதிக்க நியாயமான வேளைகளில் இடங்கொடுக்க வேண்டுமென்பது நிலச் சட்டத்தொகுப்பிலும் காணப்படும் கடமை. அநேகமாக எல்லா ஒப்பந்தங்களிலும் அதற்கென ஒரு ஷரத்து இருக்கும். தீப்பற்றினாலும், குழாய் வெடித்துக் கீழ்வீட்டுக் கூரை நனைந்தாலும், உள்ளே ஒருவர் மயங்கிக் கிடக்கிறாரோ என்று ஐயம் எழுந்தாலும், முன்னறிவிப்புக்குக் காத்திருக்கச் சொல்வது அறிவீனம். கொண்டோமினியங்களில் ஒரு மாடியிலிருந்து மறுமாடிக்கு நீர் கசிந்தால் நிர்வாகத்தார் பரிசோதிப்பதற்கு 2013 ஆம் ஆண்டு அடுக்கக நிர்வாகச் சட்டத்தின் கீழ்த் தனி விதிமுறைகளே உள்ளன. நியாயமான வேளை என்னும்போது, அதற்குள் முன்கூட்டிச் சொல்லுதல் அடங்கியிருக்கிறது என்பதைப் பல வீட்டுக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். குடியிருப்பவருக்கு நியாயமான வேளை எதுவென்று அவரைக் கேளாமல் எப்படி அறிவது?

நம்மவர்கள் இவ்விஷயத்தில் வாய்மூடியிருப்பதற்குச் சரித்திரம் ஒரு காரணமோ என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கிள்ளானைச் சுற்றிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் அரசாங்கத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் வாழ்ந்த தலைமுறைக்கு, கிராணியார் வாசலில் வந்து நின்றால் எழுந்து நிற்கத் தெரியுமே அன்றி, என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்கத் தெரியாது. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கென்று 1990 இல் வந்த சட்டமும் தண்ணீர், மின்சாரம், சுகாதாரம் ஆகியவற்றைப் பற்றியே கவலைப்பட்டது. இன்றோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகள் ஸ்ரீ அண்டலாஸிலும் போர்ட் கிள்ளானிலும் வாடகை வீடுகளில் இருக்கிறார்கள்; அவர்கள் யாருடைய தயவிலும் இல்லை, பணம் கொடுத்துக் குடியிருக்கிறார்கள். ஆனாலும் வீட்டுக்காரரைக் கண்டதும் அந்தப் பழைய பயம் தலைதூக்குகிறது. போதாக்குறைக்கு, இந்தியர்களுக்கு வீடு இல்லை என்று விளம்பரத்திலேயே கூசாமல் எழுதும் வழக்கமும், அதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லாமையும் சேர்ந்துகொள்ள, பத்து இடம் அலைந்து கிடைத்த வீட்டை ஒரு சண்டையில் இழப்பானேன் என்று பொறுத்துப் போகிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று ஏசுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் பார்க்கத்தான் வேண்டும். வங்கிக் கடன் தவணையைக் கட்டுவதற்கென்றே வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் ஓர் ஆசிரியரோ ஓய்வுபெற்ற குமாஸ்தாவோ, நான்கு மாத வாடகைப் பாக்கியோடும் மின்சாரப் பாக்கியோடும் குடியிருந்தவர் ஓரிரவில் மறைந்துவிட்ட அனுபவத்தை ஒருமுறை பட்டுவிட்டால், அடுத்த முறை மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து எட்டிப்பார்க்காமல் என்ன செய்வார்? பயத்தினால் வருகிறார், குரூரத்தினால் அன்று. அவருக்கும் சட்டம் பரிகாரங்களைத் தந்திருக்கிறது. 1951 ஆம் ஆண்டு ஜப்திச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, பன்னிரண்டு மாதங்கள் வரைக்குமான வாடகைப் பாக்கிக்காக அமீனா மூலம் சாமான்களைக் கைப்பற்றலாம். ஒப்பந்தம் முடிந்தபின்னும் வெளியேறாமல் இருப்பவரிடம் இரட்டை வாடகை கோரச் சிவில் சட்டம் இடமளிக்கிறது. அமீனா செய்ய வேண்டியதை வீட்டுக்காரரே செய்வதற்குத்தான் இடமில்லை. 'குறித்த பரிகாரச் சட்டம்' என்பதன் ஏழாம் பிரிவு இதைத் திட்டவட்டமாகச் சொல்கிறது: வாடகைக் காலம் முடிந்தே போயிருந்தாலும், குடியிருப்பவர் இன்னும் உள்ளே இருந்தால், நீதிமன்ற நடவடிக்கையின் மூலமாக அல்லாமல் வேறுவழியில் வீட்டை மீட்கக்கூடாது. காலம் முடிந்தபின்னரே இவ்வாறென்றால், வாடகை தவறாமல் கட்டிக்கொண்டிருப்பவரின் வீட்டுப் பூட்டை மாற்றுவதும், தண்ணீரை நிறுத்துவதும், கதவைக் கழற்றிக்கொண்டு போவதும் எவ்வளவு அக்கிரமம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. முழு வீட்டை வாடகைக்கு எடுத்தவருக்கும், வீட்டுக்காரர் தாமும் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை மட்டும் எடுத்தவருக்கும் சட்டத்தின் கண்ணில் மிகுந்த வித்தியாசம் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில், ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் வேலைக்கும் படிப்புக்கும் வந்த இளைஞர்களும் பெண்களும் குடியிருப்பது பெரும்பாலும் இத்தகைய அறைகளிலேதான். அந்த அறைக்குத் தனிச் சுவாதீனம் தரப்பட்டதா, அல்லது தங்கிக்கொள்ள அனுமதி மட்டும் தரப்பட்டதா என்பதைப் பொறுத்தே அவர்களுடைய உரிமையின் பலம் அமையும். பத்திரத்துக்கு என்ன தலைப்பு இட்டிருக்கிறார்கள் என்பதைவிட, அறைக்குத் தனிப் பூட்டு உண்டா, சுத்தம் செய்கிறேன் என்று வீட்டுக்காரர் வழக்கமாக உள்ளே வருகிறாரா போன்ற நடைமுறைகளே அதை நிர்ணயிக்கும். வெறும் அனுமதி பெற்றுத் தங்குகிறவருக்குப் பொதுச் சட்டம் தரும் காவல் சொற்பம். ஆகவே அறை எடுப்பவர்களே, வீடு எடுப்பவர்களைவிட அதிகமாக, எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள்.

எழுத்து என்றேன். மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகை உடன்பாடு வாய்மொழியாகவும் செல்லும் என்பது நிலச் சட்டத்தொகுப்பின் ஏற்பாடு. ஆகையால் பத்திரம் இல்லாதவர் உரிமை இல்லாதவர் ஆகிவிடமாட்டார். ஆனால் தனிச் சட்டம் இல்லாத நாட்டில் ஒப்பந்தப் பத்திரமே இருவருக்குமான சட்டம். ஏஜெண்டு நீட்டுகிற அச்சுத்தாளில் வீட்டுக்காரரும் அவருடைய ஆட்களும் நியாயமான எல்லா வேளைகளிலும் பிரவேசிக்கலாம் என்று பொதுப்படையாக ஒரு வரி இருக்கும். அதைக் கையொப்பமிடுமுன் மாற்றச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. தீ, வெள்ளம், குழாய் உடைப்பு முதலான அவசரம் நேர்ந்தாலொழிய, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாட்ஸ்அப் மூலமாகவோ கடிதத்தின் மூலமாகவோ காரணத்தையும் வேளையையும் தெரிவித்து, பகற்பொழுதில், குடியிருப்பவரோ அவர் சொல்லும் ஒருவரோ கூட இருக்கும்போது மட்டும் வருவது என்று எழுதிக்கொண்டால், பிற்காலத்துச் சச்சரவுகளில் பாதி அந்த வரியிலேயே அடங்கிவிடும். கடைசி இரண்டு மாதங்களில் அடுத்துக் குடிவருபவர்களுக்கு வீட்டைக் காட்டுவதற்கும் அதே முறை பொருந்தும். எண் அழுத்தித் திறக்கும் மின்பூட்டு உள்ள வீடென்றால், மூல எண் யார் வசம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்புச் சாவியைப் போல அது கண்ணுக்குத் தெரியாது. பத்திரத்துக்கு ஹாசில் எனப்படும் வருமான வரி அலுவலகத்தின் முத்திரைத் தீர்வை செலுத்துவதும் அவசியம், ஏனெனில் முத்திரையில்லாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்பதில்லை. மாதம் 1,500 வெள்ளி வாடகையில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு, 250 வெள்ளிக்கு ஒரு வெள்ளி வீதம், தீர்வை 72 வெள்ளி. ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்துவந்த விலக்கு 2025 ஜனவரி முதல் எடுபட்டுவிட்டது. அந்தப் பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக முத்திரையைத் தவிர்க்கலாம் என்று எந்த வீட்டுக்காரர் சொன்னாலும் குடியிருப்பவர் இணங்கலாகாது.

ஒப்பந்தமும் மீறப்பட்டால்? முதல் காரியமாகக் கோபத்தை அடக்கி, மரியாதை குன்றாமல், தேதி தெரியும்படி எழுத்தில் சொல்லிவிட வேண்டும். "அண்ணே, நேத்து நாங்க இல்லாதப்ப வீட்டுக்குள்ள வந்துட்டுப் போயிருக்கீங்க. இனிமே வர்றதா இருந்தா ஒருநாள் முன்னாடியே சொல்லிடுங்க, நாங்க வீட்ல இருக்கிற நேரமாப் பார்த்துச் சொல்றோம்" என்ற மூன்று வரிச் செய்தி, பின்னால் ஒரு வழக்கறிஞரின் கையில் பெரிய ஆயுதமாக மாறக்கூடும். போலீஸ் நிலையத்துக்குப் போனால், இது சிவில் விவகாரம் என்று அநேகமாகத் திருப்பியனுப்புவார்கள். தண்டனைச் சட்டத்தின் 441 ஆம் பிரிவு, பிறர் சுவாதீனத்திலுள்ள இடத்தில், குற்றம் புரியவோ, அங்கிருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ எண்ணி நுழைவதையே குற்றவியல் அத்துமீறல் என்கிறது. ஆகவே, குழாயைப் பார்க்க வந்தேன் என்பவரிடம் அந்த எண்ணத்தை நிரூபிப்பது கடினம். ஆயினும் மிரட்டலோ, பெண்கள் இருக்கும் அறைக்குள் மீண்டும் மீண்டும் நுழைவதோ இருந்தால் ரிப்போர்ட் செய்யத் தயங்கக்கூடாது. அதன் பிரதி பின்னர் சாட்சியமாக உதவும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நிலத்தின் மீதான பாத்தியதை சம்பந்தப்பட்டவை 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்பதால், அங்கே சென்று ஏமாறவேண்டாம். சிறு தொகைக்கென்று மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே வாதாடும் முறை ஒன்று உண்டு. 2012 ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் அதை 5,000 வெள்ளி வரையென்று வகுத்தன. முன்பணத்தை மீட்பதற்கு அது ஏற்ற வழி. வீட்டுக்காரர் இனி நுழையக்கூடாதென்று தடையுத்தரவு பெறுவதற்கு வழக்கறிஞரின் துணை வேண்டும். அதற்கு ஆகும் செலவைக் கேட்டதும் பெரும்பாலோர் வேறு வீடு பார்க்கப் புறப்பட்டுவிடுகிறார்கள்.

பிற தேசங்களில் இந்தக் கஷ்டத்தை ஒரு வாக்கியத்தில் தீர்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வீட்டின் நிலைமையைப் பரிசோதிக்க வருபவர் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டுமென்பது 1985 ஆம் ஆண்டுச் சட்டம். நம்மவர் பெருந்திரளாகக் குடியேறியிருக்கும் டொராண்டோவை உள்ளடக்கிய ஒண்டாரியோ மாகாணத்திலும் அதே 24 மணி நேரம், அதுவும் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில். தமிழ்நாட்டில் 2017 இல் இயற்றப்பட்டு 2019 இல் அமலுக்கு வந்த நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் சட்டமும் 24 மணி நேர முன்னறிவிப்பைக் கேட்கிறது. இந்திய மத்திய அரசின் 2021 ஆம் ஆண்டு மாதிரிச் சட்டமோ, சூரியோதயத்துக்கு முன்னும் அஸ்தமனத்துக்குப் பின்னும் வீட்டுக்காரர் நுழையலாகாதென்று ஒருபடி மேலே போய், தீ, வெள்ளம், பூகம்பம் போன்ற ஆபத்துகளுக்கு மட்டும் விலக்களித்திருக்கிறது. சட்டம் ஏட்டில் இருந்தும் சென்னையில் வீட்டுக்காரர்கள் நினைத்தபோது வந்து போகிறார்களே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம், ஆனால் அங்கே குடியிருப்பவர் ஒரு பிரிவின் எண்ணைச் சொல்லி ஆட்சேபிக்க முடியும். இங்கே 1953 ஆம் ஆண்டு இலண்டன் தீர்ப்பை அவர் எங்கே போய்த் தேடுவார்?

நம் நாட்டில் என்றேனும் அந்தக் குடியிருப்பு வாடகைச் சட்டம் வருமானால், முன்பணம் யாரிடம் இருப்பது, வாடகைப் பாக்கிக்காரரை எவ்வளவு சீக்கிரம் வெளியேற்றுவது என்ற பெரிய தகராறுகளிலேயே கவனமெல்லாம் செலவாகிவிடும். பிரவேசத்தைப் பற்றிய ஷரத்தை, இரு தரப்பாரும் அதிகம் வாதாடாமல், ஒண்டாரியோவிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ எடுத்து எழுதிக்கொள்வார்கள் என்று நம்ப இடமிருக்கிறது. நான் கவலையோடு தேடிப் பார்க்கப்போவது வேறொரு வரியை: வீடு என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்துக்குள் அறையும் அடங்குகிறதா என்பதை. அடங்காவிட்டால், பிரிக்ஃபீல்ட்ஸ் சந்துகளில் மாதம் ஐந்நூறு அறுநூறு வெள்ளிக்குத் தங்கியிருக்கும் பெண்பிள்ளைகள், சட்டம் வந்தபின்னும், கதவுக்கு உட்புறம் தாழ்ப்பாள் ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டியவர்களாகவே இருப்பார்கள்.